வளையம் இல்லையேல் எழுத்து இல்லை

போன வாரம் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி, பழைய பாஸ்புக்குகள் கிடக்கும் தகர டப்பாவிலிருந்து ஒரு சின்ன கேசட்டை எடுத்துக் காட்டினாள். "என்னங்க, இது இன்னும் வேணுமா?" என்றாள். உள்ளங்கையில் அடங்கும் கேசட். மேலே என் கையெழுத்தில் 'அம்மா 1-9' என்று எழுதியிருக்கிறது.

இதே கேள்வியை 2004-ஆம் வருஷம் போகிக்கு முதல் நாளும் அவள் கேட்டாள். அப்போது கையில் வைத்திருந்தது வேறு கேசட்டுகள். அன்றைக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் ரூமில் டேப் மாட்டிக் கழற்றியவன் நான். சரித்திரம் இல்லாமல் சொல்ல வராது.

காந்த நாடாவின் கதை சிகரெட்டில் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் என்று ஒரு பொறியாளர். சிகரெட்டின் வாய் வைக்கும் பக்கத்தில் தங்க நிறப் பட்டை ஒன்று இருக்குமே, அதை மலிவாக ஒட்ட வழி கண்டுபிடித்தவர். காகிதத்தில் உலோகப் பொடியை ஒட்ட முடியும் என்றால், இரும்புப் பொடியை ஒட்டி அதில் ஒலியைப் பதிய முடியாதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1928-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு ஏ.இ.ஜி. கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, 'மேக்னட்டோஃபோன்' என்ற கருவியாக 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது. நம் வீடுகளில் டூ-இன்-ஒன்னில் ஓடிய கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி அறிமுகம் செய்ததும் அதே பெர்லின் கண்காட்சியில்தான், 1963-ல்.

கம்ப்யூட்டர்காரர்கள் முதலில் பிளாஸ்டிக் நாடாவை நம்பவில்லை. 1951-ல் வந்த யூனிவாக் இயந்திரத்தின் டேப் உலோகத்தால் ஆனது. அரை அங்குல அகல வெண்கலப் பட்டை, மேலே நிக்கல் பூச்சு. ஒரு ரீல் 1,200 அடி. அதைத் தூக்கி மாட்டிய ஆபரேட்டர்களின் முதுகை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. அடுத்த வருஷமே, 1952-ல், ஐபிஎம் பிளாஸ்டிக் நாடாவில் ஓடும் 726 என்ற டிரைவைக் கொண்டுவந்தது. ஓர் அங்குலத்துக்கு 100 எழுத்து.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்ப்யூட்டர் கேட்கும்போது டேப் சட்டென்று கிளம்பி, சட்டென்று நிற்க வேண்டும். கனமான ரீல் அப்படிக் கிளம்பாது. இழுத்தால் மெல்லிய நாடா அறுந்துவிடும். அதனால் தலைக்கு இரண்டு பக்கமும் நீளமான குழி வைத்து, காற்றை உறிஞ்சி, நாடாவை அதற்குள் வளையமாகத் தொங்கவிட்டார்கள். தலைக்கடியில் ஓடுவது அந்தத் தளர்வான நாடா. ரீல் பின்னாலேயே ஆடி அசைந்து வந்து சேரும். பழைய சினிமாவில் கம்ப்யூட்டர் என்று காட்டினாலே இரண்டு சக்கரம் விட்டுவிட்டுச் சுற்றுமே, அதன் காரணம் இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1974-ல், சென்னையில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போவோம். ஏ.சி.க்காகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் டேப்பில் அங்குலத்துக்கு 1,600 எழுத்து. ஒரு ரீல் 2,400 அடி. பெருக்கிப் பார்த்தால் 46 எம்.பி. வரும். நிஜத்தில் அவ்வளவு வராது. ஒவ்வொரு தொகுப்புக்கும் நடுவில், டேப் நின்று கிளம்புவதற்காக 0.6 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். ஒரு பஞ்ச் கார்டில் 80 எழுத்து. அதைத் தனித் தொகுப்பாக எழுதினால் தகவல் பிடிக்கும் இடம் 0.05 அங்குலம்; வெற்றிடம் அதைப்போல 12 மடங்கு! அதனால் பல கார்டுகளைக் கட்டாகச் சேர்த்துத்தான் எழுதுவோம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் ஐம்பது சீட் பஸ் என்று சொல்வேன்.

அந்த அறையில் எனக்கு மேலதிகாரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வளையம். டேப் ரீலின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பொருத்தினால்தான் அந்த ரீலில் எழுத முடியும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான். 'நோ ரிங், நோ ரைட்' என்று உலகம் முழுக்க ஆபரேட்டர்களுக்கு அது மந்திரம். எழுதி முடித்தவுடன் வளையத்தைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட வேண்டும். பாதுகாப்பு வேண்டுமென்றால் எதையாவது சேர்ப்பதுதானே வழக்கம்? இங்கே எடுத்துவிட வேண்டும். மறந்துபோனாலும் டேப் பத்திரமாக இருக்கும் என்பதுதான் அதில் உள்ள புத்திசாலித்தனம். பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பல் இருக்குமே, உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது, அதுவும் இதே யோசனைதான்.

மூன்று தலைமுறை வைத்திருப்போம். இன்றைய கணக்கு மகன், நேற்றையது அப்பா, முந்தாநாளையது தாத்தா. புதிதாக ஒரு மகன் பிறந்த பிறகுதான் தாத்தாவை அழிக்கலாம். இந்தப் பெயர் எங்கள் ஆபீஸ் நகைச்சுவை இல்லை. எல்லா நாட்டிலும் இதே பெயர்தான். என் ஷிப்டில் ஒரு டேப்கூடத் தவறாக அழிந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள்.

அந்தச் சால்வையின் சூடு ஆறுவதற்குள் வீட்டில் லினக்ஸ் போட்டேன். 2003-ல் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. உள்ளே போய்ப் பார்த்தால் நம் பழைய உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்! 'டார்' என்ற கட்டளை 1979-ல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்தது. பெயரே 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம். இன்றைக்கு இணையத்திலிருந்து மென்பொருள் இறக்குகிற இளைஞர்கள் தினமும் பார்க்கும் டார் கோப்புகளும் அதே குடும்பம்தான். 512 பைட்டுத் துண்டுகள் இருபதைச் சேர்த்து 10,240 பைட்டாக அது எழுதும். ஏன் கட்டாகச் சேர்க்கிறது? நான் மேலே சொன்ன பஸ் கதைதான். டேப்பைக் கண்ணாலேயே பார்க்காதவர்களின் கம்ப்யூட்டருக்குள்ளும் அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது.

டார் இருக்கிறது, டேப் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இதற்குள் டேப் சின்னதாகியிருந்தது. ரீலிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு மாற்றியது 1972-ல் த்ரீஎம் கம்பெனி. 1987-ல் பாட்டு கேட்பதற்காக 'டாட்' என்ற டிஜிட்டல் கேசட் வந்தது. வீடியோ டெக்கைப் போலவே, சாய்வாகச் சுழலும் உருளையில் தலை இருக்கும். நாடாவில் கோடுகள் குறுக்குச் சாய்வாக விழும். அதனால் கொஞ்சம் நாடாவில் நிறைய அடங்கியது. பாட்டுக்கு அது பெரிதாக ஓடவில்லை. சோனியும் ஹெச்பியும் 1989-ல் அதையே கம்ப்யூட்டருக்கு மாற்றி டி.டி.எஸ். என்று பெயர் வைத்தார்கள். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டுக் கேசட்டில் இருக்கும் நாடாவின் அகலமும் அதேதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சந்துக்கடையில் டி.டி.எஸ்.-3 டிரைவ் கிடைத்தது. "சர்வர்லேர்ந்து கழட்டினது சார். ஓடும். கேரண்டி மட்டும் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். 1,800 சொன்னார், 1,400-க்கு முடிந்தது. அதை மாட்ட ஸ்கஸி கார்டு தனியாக வேண்டும், கேபிள் வேண்டும், கேபிளின் கடைசியில் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். டிரைவின் விலையைவிட அதன் சீர்வரிசை அதிகமாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். டிரைவின் நெற்றியில் 24 ஜி.பி. என்று போட்டிருந்தது; அது சுருக்கி எழுதினால் கிடைக்கலாம் என்ற நம்பிக்கைக் கணக்கு. நிஜக் கொள்ளளவு 12. என் 46 எம்.பி. ரீல்களை நினைத்தால் அதுவே இருநூற்றைம்பதுக்கு மேல் ரீல், சட்டைப்பையில்!

சிடியில் எரித்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எரித்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் திமிர்தான். சிடி எல்லாம் சின்னப் பசங்க சமாசாரம், டேப் என்றால் நம் தொழில் என்ற எண்ணம்.

எதைக் காப்பதற்கு இவ்வளவு? அம்மாவின் குரல்.

1986-ல் தம்பி மஸ்கட்டிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தான். அந்தக் கோடை விடுமுறையில் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் அம்மாவை உட்கார வைத்து, தங்கை கேள்வி கேட்க, ஒன்பது கேசட் பதிந்தோம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அம்மா முதலில் மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டாள். இரண்டாவது கேசட்டுக்குள் எங்களை அதட்டிப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். கல்யாணத்தில் பாடும் நலங்குப் பாட்டுகள், 1952 புயலில் கூரை பறந்த ராத்திரி, எந்தச் சித்தப்பா எந்தப் பங்கை எப்படி எழுதி வாங்கினார் என்பது வரை எல்லாம் இருந்தது. ஐந்தாவது கேசட்டில் தாலாட்டு. தங்கைக்குப் பாடியதை, முப்பது வயதான தங்கையை எதிரில் வைத்துக்கொண்டே பாடினாள். 1991-ல் அம்மா போய்விட்டாள்.

கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. 2003 டிசம்பரில் டூ-இன்-ஒன்னைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஏற்றினேன். ஒரு கேசட்டுக்குச் சுமார் 600 எம்.பி. முதல் ஞாயிறு ஐந்து கேசட். டார் போட்டு டேப்பில் எழுதினேன். 3 ஜி.பி., முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஞாயிறு மிச்சம் நாலு கேசட், 2.4 ஜி.பி. முதல் தொகுப்பைத் தாண்டி டேப்பை நகர்த்திவிட்டு, அதன் பின்னால் எழுத வேண்டும்.

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று எஸ்டி0. இன்னொன்று என்எஸ்டி0. முதல் பெயரில் கூப்பிட்டால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவது பெயரில் கூப்பிட்டால், விட்ட இடத்திலேயே நிற்கும். முன்னால் உள்ள அந்த 'என்' என்ற ஓர் எழுத்துக்கு 'சுற்றாதே' என்று அர்த்தம்.

நான் எஸ்டி0 என்று அடித்துத்தான் ஒரு தொகுப்பு தாண்டச் சொன்னேன். டிரைவ் உறுமியது. தாண்டியது. கட்டளை முடிந்ததும், முறைப்படி, ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொண்டது. சத்தம் காதில் விழுந்தது. தாண்டுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நாலு கேசட்டை எழுதச் சொன்னேன். டேப்பின் முதல் அங்குலத்திலிருந்து, அம்மாவின் முதல் கேசட்டின் மேலேயே, அது எழுதியது.

சரி பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். டேப்பில் உள்ள பெயர்களைப் பட்டியல் போடச் சொன்னேன். 'அம்மா', 'அம்மா' என்று திரையில் வரிகள் வந்தன. எண்களைப் படிக்கவில்லை. வந்தது ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. லேபிளில் '1-9' என்று எழுதினேன்.

போகிக்கு முதல் நாள் மனைவி பூஞ்சை பிடித்த கேசட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு இல்ல? இது இன்னும் வேணுமா?" என்றாள். "ரெண்டு இடத்துல பத்திரமா இருக்கு, தூக்கிப் போடு" என்றேன். தவறு முழுக்க என்னுடையது. அவள் கேட்கத்தான் செய்தாள்.

2006 ஜூனில் ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று தட்ட ஆரம்பித்து இரண்டே நாளில் நின்றுபோனது. எனக்குப் பதற்றமே இல்லை. மனைவியைக் கூப்பிட்டு, இப்போ பார் டேப்பின் மகிமையை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாலு கேசட் வந்தது. இரண்டாவது தொகுப்புக்குப் போகச் சொன்னால் பிழை என்றது. மூன்று முறை, நாலு முறை. ராத்திரி இரண்டு மணிக்கு, கட்டளைகளைப் பழைய டைரிக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அந்த 'என்' எழுத்து இல்லாதது கண்ணில் பட்டது.

தங்கைக்கு போன் செய்ய எனக்கு எட்டு நாள் ஆயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "தாலாட்டுமா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

என்னைத் தேற்றுவதற்காக நண்பர் ஒருவர் பிறகு ஒரு செய்தியைக் காட்டினார். 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது, அங்கிருந்து வந்த தெளிவான மூலப் படம் தரை நிலையங்களில் ஓர் அங்குல அகல டேப்புகளில் பதிவானது. நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது மாற்றி ஒளிபரப்பிய மங்கலான நகல். மூலத்தைத் தேடிப் பார்த்த நாசா, 2009-ல் முடிவாகச் சொன்னது: டேப்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டிருக்க வேண்டும் என்று. எனக்கு ஆறுதலாக இல்லை. அவர்களுக்காவது உலகம் முழுக்க நகல் இருந்தது.

டேப்பைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய கடிதங்கள் எல்லா நகல்களிலிருந்தும் மறைந்துபோனபோது, கூகுளே டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்காமல் அலமாரியில் கிடப்பதுதான் அதன் பலம். 2021-ல் வந்த எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டி.பி. அடங்கும். டேப் சொன்னதைத்தான் செய்தது.

இப்போது அந்தத் தகர டப்பா கேசட்டுக்கு வருகிறேன். அதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், கணக்கு. முதல் தொகுப்பு 3 ஜி.பி. அதன் மேல் விழுந்தது 2.4 ஜி.பி. அப்படியானால் கடைசி 0.6 ஜி.பி. மேல் எதுவும் விழவில்லை. அது ஐந்தாவது கேசட். ஏறக்குறைய முழுசாக, நாடாவில் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் டிரைவ் படிக்காது. எழுதி முடிக்கும்போது 'தகவல் முடிந்தது' என்று ஒரு முத்திரையை அது போட்டுவிடுகிறது. அந்த முத்திரையைத் தாண்டி ஓர் அடிகூட வைக்க மறுக்கிறது. ஒரு வழி உண்டு. அந்த முத்திரையின் மேல் துளி எழுத ஆரம்பித்து, புது முத்திரை விழுவதற்குள் டிரைவின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். முத்திரை இல்லாத டேப்பில், பின்னால் இருப்பதைப் பழைய தகவலின் தொடர்ச்சி என்று நினைத்து அது படித்துவிடலாம். சிலர் இப்படி மீட்டிருக்கிறார்கள். துளி கூடிவிட்டால் தாலாட்டின் மேல் விழும்.

என் பழைய டிரைவ் 2010-ல் செத்துவிட்டது. போன மாதம் பேரன் ஒரு டி.டி.எஸ்.-4 டிரைவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். டி.டி.எஸ்.-3 கேசட்டையும் அது ஏற்கும். கூடவே வந்த உதவாத கேசட்டுகளில் அதே மாதிரி 3 ஜி.பி. எழுதி, மேலே 2.4 எழுதி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். முதல் முறை டிரைவ் ஒன்றும் புரியாமல் கேசட்டை வெளியே தள்ளிவிட்டது. இரண்டாவது முறை வாலில் பாதிதான் வந்தது. மூன்றாவதும் நாலாவதும் கிட்டத்தட்ட முழுசும் வந்தது. எண்ணி ஒரு விநாடியில் பிடுங்க வேண்டும் என்று பேரன் கண்டுபிடித்திருக்கிறான். என் கைக்கு அந்த வேகம் இல்லை, அவன்தான் பிடுங்குவான்.

மனைவியிடம், "வேணும், அப்படியே வை" என்றேன். தை மாதம் தங்கை கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அவள் இருக்கும்போதுதான் செய்வது என்று வைத்திருக்கிறோம். இந்தச் சின்ன கேசட்டிலும் பழைய வளையத்துக்குப் பதிலாக ஒரு தள்ளுகதவு இருக்கிறது. திறந்திருந்தால் எழுத முடியாது. 2006-ல் அந்த ராத்திரி திறந்து வைத்தது, இன்னும் திறந்தே இருக்கிறது. தங்கை வந்ததும் முதல் வேலையாக அதை மூட வேண்டும்.